மஞ்சள் கோடு போட்ட கல்லூரி

வேதியியல் ஆய்வகத்தின் வாசலில் எங்கள் உதவியாளர் மருதாசலம் நின்றுகொண்டிருந்தார். தலையில் நைலான் தொப்பி, வாயில் முகமூடி, இடது கையில் இரும்பு வளையங்களால் பின்னிய கையுறை. கையை மட்டும் பார்த்தால் போருக்குப் புறப்பட்டவர் மாதிரி இருந்தார்.

“என்ன மருதாசலம் இது?”

“கட்டிங் கிளவுஸுங்க மேடம். பனியன் கம்பெனில துணி வெட்டறப்ப கை போயிராம இருக்கறதுக்குப் போடறது.”

“நம்ம லேப்ல எதை வெட்டப் போறீங்க?”

அவர் கையுறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “அது சொல்லலீங்க. போட்டுக்கன்னு மட்டுந்தான் சொன்னாங்க.”

திரும்பிப் பார்த்தேன். நடைபாதை நெடுக இரண்டு பக்கமும் மஞ்சள் கோடு. நடுவில் அம்புக்குறிகள். திருப்பத்துக்குத் திருப்பம் ஓடுகிற மனிதன் படம் போட்ட பச்சைப் பலகை. நூலகத்தை ஒட்டி மணல் வாளிகள், கழிப்பறைக் கதவில் கை கழுவுவது எப்படி என்று ஆறு படங்கள். வண்ணம் காயாத வாசனை மூக்கைத் துளைத்தது. முந்தின நாள் மதியம் நான் கிளம்பும்போது இதில் ஒன்றுகூட இல்லை. அந்தக் கல்லூரிக்கு நான் முதல்வராகிப் பதிமூன்று வருடம் ஆகியிருந்தது, ஆனாலும் அந்த நிமிஷம் தவறான கட்டடத்துக்குள் வந்துவிட்டோமோ என்ற சந்தேகம் வந்துவிட்டது.

மணி ஏழு. பத்து மணிக்குத் தர மதிப்பீட்டுக் குழு வருகிறது.

இந்தத் தொடரில் சென்ற வாரம் வந்த விடுதித் தேர்தல் கதையைப் படித்துவிட்டு ஒரு பழைய மாணவி தொலைபேசியில் கூப்பிட்டாள். “மேடம், மஞ்சக் கோட்டை எப்ப எழுதப் போறீங்க? பயந்துக்கிட்டுத்தானே விட்டுட்டீங்க?” என்றாள். உண்மைதான். இந்தக் கதையில் நான் அவ்வளவு நல்லவளாக வரமாட்டேன், அதனால்தான் பதினைந்து வாரமாக ஒதுங்கி ஒதுங்கிப் போனேன். மாட்டிக்கொண்டாயிற்று, எழுதிவிடுகிறேன்.

சீஸன், லாட், ரிஜெக்‌ஷன்

எங்கள் கல்லூரி திருப்பூரை ஒட்டிய அவிநாசிப் பக்கம், பனியன் ஏற்றுமதிக்காரர்கள் சிலர் சேர்ந்து கட்டிய பெண்கள் கல்லூரி. நான் திருநெல்வேலிச் சீமையிலிருந்து இருபத்தாறு வயதில் வேதியியல் சொல்லிக்கொடுக்க வந்தவள். வந்த புதிதில் இந்த ஊர் மரியாதை எனக்குப் பிடிபடவே இல்லை. பஸ்ஸில் ஒருவர் காலை மிதித்துவிட்டேன். “கண்ணு தெரியலீங்களா?” என்று திட்டினார். எங்கள் ஊரில் திட்டென்றால் திட்டாக இருக்கும். இப்படி மாலை போட்டுத் திட்டினால் பதிலுக்கு என்ன சொல்வது? “மன்னிச்சிருங்க” என்றேன். “பரவால்லீங்க, இனிமே பாத்து மிதீங்க” என்றார்.

எங்கள் தாளாளர் குப்புசாமி ஐயா அந்த மரியாதையின் முழு உருவம். கல்லூரி நிர்வாகத்தின் தலைவர் அவர்தான். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டு, தையல் மெஷினில் உட்கார்ந்து, பிறகு நூறு மெஷின் வைத்தவர். எதையும் பனியன் பாஷையில்தான் பேசுவார். பருவத் தேர்வு என்றால் ‘சீஸன்’. புதிதாகச் சேரும் மாணவிகள் ‘இந்த வருஷத்து லாட்’. தேர்வு முடிவு வந்ததும் முதல் கேள்வி, “ரிஜெக்‌ஷன் எவ்வளவுங்க மேடம்?”

என்னை முதல்வர் பதவிக்கு நேர்முகம் செய்ததும் அவர்தான். என் ஆய்வுக் கட்டுரைகளை எல்லாம் ஒரு பெட்டி நிறையக் கொண்டுபோயிருந்தேன். அவர் பெட்டியைத் திறக்கச் சொல்லவில்லை. ஒரே கேள்வி கேட்டார்: “பாதில உட்டுப்போட்டுப் போயிருவீங்களா?” இல்லை என்றேன். “போதுமுங்க” என்று எழுந்துவிட்டார். அந்த ஒரு வார்த்தையில் நான் இருபத்தோரு வருடம் அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன்.

சுவரில் மாட்டிய பொய்

இனி வெட்கப்படவேண்டிய பகுதி.

துணி ஏற்றுமதிக்கு அளவு வைத்திருந்த கோட்டா முறை ஒழிந்து வெளிநாட்டு ஆர்டர் கொட்ட ஆரம்பித்திருந்த சமயம். ஷிப்மென்ட், அதாவது சரக்குக் கப்பலேறும் நாள், நெருங்கினால் எங்கள் வணிகவியல் வகுப்பில் பாதி பெஞ்ச் காலியாகிவிடும். காய்ச்சல், மாமாவுக்குக் கல்யாணம், பாட்டி செத்துப்போனது என்று விதவிதமாகக் கடிதம் வரும். ஒருத்திக்குச் சேர்ந்த மூன்று மாதத்துக்குள் மூன்று பாட்டிகள் செத்தார்கள்.

ஒரு நாள் நானே கிளம்பி அந்தப் பேத்தி வேலை செய்கிற கம்பெனிக்குப் போனேன். செக்கிங் மேஜையில் நின்றபடி டீ-சர்ட்டைத் திருப்பித் திருப்பி ஓட்டை பார்த்துக்கொண்டிருந்தாள். பெயர் முத்துலட்சுமி. விருதுநகர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம். என்னைக் கண்டதும் அழவில்லை, ஓடவில்லை. “மேடம், மத்தியானம் ரெண்டு மணி ஷிப்ட்டும் இருக்கு. காலையிலயே பாடத்த முடிச்சு விட்டீகன்னா நான் ரெண்டையும் பாத்துக்கிருவேன்” என்றாள்.

அவ்வளவு சுலபமான தீர்வு எனக்கு ஏன் தோன்றவில்லை என்று எரிச்சலாக இருந்தது. தாளாளரிடம் சொன்னேன். “ஷிப்ட்டுங்களா? அட, இதை மொதல்லயே கேட்டிருக்கலாமுங்களே!” என்று துள்ளினார். அடுத்த திங்கட்கிழமை முதல் வேலைக்குப் போகும் பெண்களுக்கு ஏழரை மணிக்கு வகுப்பு, பன்னிரண்டரைக்கு முடிவு. வாசலில் கம்பெனி வேன் வந்து நிற்கும். ஒரு பாட்டியும் அதற்குப் பிறகு சாகவில்லை.

பல்கலைக்கழகத்திடம் மட்டும் சொல்லவில்லை. அனுமதித்த நேரம் ஒன்பதரை முதல் மூன்றரை. அதற்கு வெளியே எடுத்த வகுப்பு விதிப்படி வகுப்பே அல்ல. கேட்டிருக்கலாம்தான். கேட்டிருந்தால் கோப்பு சுற்றித் திரும்புவதற்குள் இந்தப் பெண்கள் பேரன் பேத்தி எடுத்திருப்பார்கள். எனவே என் அறைக்கு வெளியே சுவரில் பழைய கால அட்டவணையே கம்பீரமாகத் தொங்கியது. வருகைப் பதிவில் ஒன்பதரை என்று எழுதி நானே கையெழுத்துப் போட்டேன். மூன்று வருடம் தினமும் போட்டேன். முதல் வாரம் உறுத்தியது, இரண்டாவது வாரம் பழகிவிட்டது.

குழு வருகிற கடிதம் வந்தபோது காலை வகுப்பின் ஒரே லாட் இறுதியாண்டில் இருந்தது. முப்பத்தெட்டுப் பேர். விஷயம் வெளியே வந்தால் அவர்களுடைய மூன்று வருட வருகை செல்லாது, தேர்வு எழுத முடியாது. என் நாற்காலி போவது இருக்கட்டும், செக்கிங் மேஜையிலிருந்து பட்டம் வாங்கலாம் என்று நம்பிய முப்பத்தெட்டுப் பேரை நான் கழுத்தறுத்தவளாவேன். அந்த ஒரு மாதம் பழைய பதிவேடுகளையே புரட்டிக்கொண்டிருந்தேன்.

கேட்டதுக்குப் பதில், கேக்காததுக்கு டீ

தாளாளர் மட்டும் அசையவில்லை. “நீங்க எதுக்குங்க மேடம் மெரள்றீங்க? வருஷத்துக்கு நாலு பையர் ஆடிட் பாக்கறவனுங்க நானு. ரெண்டே விஷயந்தான். கேட்டதுக்குப் பதிலு, கேக்காததுக்கு டீ.”

வெளிநாட்டு பையர் சரக்கு வாங்குமுன் ஆள் அனுப்பிக் கம்பெனியைச் சோதிப்பான் என்பது திருப்பூரில் குழந்தைக்கும் தெரியும். வேலைக்காரர்களை நடத்துகிற விதம், வயது, தண்ணீர், தீயணைப்பு எல்லாம் பார்ப்பான். அதற்கென்றே ஒவ்வொரு கம்பெனியிலும் கம்ப்ளையன்ஸ் மேனேஜர் என்று ஒருவர் சம்பளம் வாங்குவார். அவர் வேலை, சோதனைக்கு முன் எல்லாவற்றையும் ஒழுங்காக்குவது. முடியாததை ஒழுங்காக இருப்பதுபோல் காட்டுவது.

தாளாளர் மற்ற முதலாளிகளுக்கெல்லாம் போன் போட்டார். ஷிப்மென்ட் நேரத்தில் முப்பத்தெட்டுப் பெண்களுக்கு ஒரு நாள் விடுமுறை வாங்கினார். அந்த ஊரில் அது மலையைப் பெயர்ப்பதற்குச் சமம். அன்று மட்டும் அவர்கள் மூன்றரை வரை வகுப்பில் இருப்பார்கள். அறை நிறைந்து தெரியட்டும் என்று பகல் வகுப்புப் பெண்களையும் அவர்களோடு உட்காரவைப்பது என்று முடிவாயிற்று.

முந்தின நாள் மதியம் நான் குழுவை வரவேற்கக் கோயம்புத்தூர் போனேன். நான் இல்லாத நேரத்தில்தான் தாளாளர் தன் கம்ப்ளையன்ஸ் மேனேஜர் தினேஷைக் கல்லூரிக்கு அனுப்பியிருக்கிறார். மஞ்சள் கோடும் மருதாசலத்தின் கையுறையும் அவன் கைவண்ணம்.

“பெயின்ட் காஞ்சிருமுங்களா?” என்பதுதான் அன்று காலை தாளாளரின் ஒரே கவலை. எனக்கு அவர் மேல் கோபம் வந்தது, சிரிப்பும் வந்தது. கோட்டை அழிக்க நேரமில்லை. மருதாசலத்தைக் கையுறையைக் கழற்றச் சொன்னேன். அது கழலவில்லை. மணிக்கட்டில் ஒரு சின்னப் பூட்டு, சாவி தினேஷிடம்.

தினேஷ் இன்னொரு காரியமும் செய்திருந்தான். அதை நான் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை.

“யாரும் கட்டாயப்படுத்துறதில்ல”

குழுவில் மூவர். தலைவர் வடநாட்டுக்காரர், ஓய்வுபெற்ற துணைவேந்தர், உயரமானவர், சிரிக்காதவர். இரண்டாமவர் வாய் திறக்காமல் குறிப்பெழுதினார். மூன்றாமவர் பாலக்காட்டு அம்மாள், தமிழ் நன்றாகத் தெரியும். காலையில் நூலகம், ஆய்வகம். தலைவர் மஞ்சள் கோட்டுக்குள்ளேயே கவனமாக நடந்தார். மருதாசலத்தின் கையைப் பார்த்து, “தோல் நோயா?” என்று ஆங்கிலத்தில் விசாரித்தார். நான் “குணமாகிவருகிறது” என்றேன்.

மதியம் இரண்டரைக்கு அந்த வகுப்பு. ஜெசிந்தா என்ற இளம் விரிவுரையாளர் பாடம் எடுத்துக்கொண்டிருந்தாள். நானும் தாளாளரும் கதவோரம் நின்றோம். தலைவர் கண்ணை ஓட்டி முதல் வரிசைப் பெண்ணைக் காட்டினார். முத்துலட்சுமி எழுந்தாள்.

“இங்கே தினமும் எத்தனை மணி நேரம் படிக்கிறாய் என்று கேட்கிறார்” என்றார் பாலக்காட்டு அம்மாள்.

“எட்டு மணி நேரம் மேடம். அதுக்கு மேல விருப்பப்பட்டாத்தான். யாரும் கட்டாயப்படுத்துறதில்ல.”

அம்மாள் மொழிபெயர்த்தார். தலைவர் தலையாட்டினார். “ஆசிரியர்கள் எப்படி?”

“சூப்பர்வைசர் யாரும் திட்ட மாட்டாங்க, அடிக்க மாட்டாங்க. எனக்குப் பதினெட்டு வயசு முடிஞ்சிருச்சு, சர்டிபிகேட் இருக்கு. குடிதண்ணி சுத்தமா இருக்கு.”

தினேஷ் செய்த காரியம் அப்போதுதான் புரிந்தது. பையர் ஆடிட்டுக்குத் தொழிலாளிகளை மனப்பாடம் செய்யவைக்கிற தாளை, ‘கம்பெனி’யை ‘காலேஜ்’ என்று மாற்றி இவர்களுக்குக் கொடுத்திருக்கிறான். இவர்களோ தத்தம் கம்பெனியில் ஏற்கெனவே அதே தாளை வருடக்கணக்காக ஒப்பித்துத் தேறியவர்கள். முத்துலட்சுமி நிறுத்துவதாக இல்லை.

“தீ விபத்து நடந்தா எந்த வழியாப் போகணும்னு எங்க எல்லாருக்கும் தெரியும்.”

அவ்வளவுதான். வகுப்பு முழுவதும் ஒரே நேரத்தில் வலது கையை நீட்டிக் கதவைக் காட்டியது. கதவோரம் நாங்கள் நின்றதால் எண்பது விரல்களும் என்னையும் தாளாளரையும் காட்டின.

தாளாளர் மெல்லச் சொன்னார்: “டீ சொல்லட்டுங்களா?”

கை தூக்கியவர்கள்

பாலக்காட்டு அம்மாள் சிரிக்கவில்லை. முத்துலட்சுமியின் அருகில் போய், “எல்லாம் சரி. எந்தக் கம்பெனி?” என்று கேட்டார்.

தாளில் அந்தக் கேள்விக்குப் பதில் இல்லை. முத்துலட்சுமி என்னைப் பார்த்தாள்.

“அந்தப் பெண் பதற்றத்தில் உளறுகிறாள்” என்ற ஆங்கில வாக்கியம் என் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. சொல்லியிருந்தால் தப்பித்திருப்பேன் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் அவள் தலையைப் பார்த்தேன். பின்னலில் பஞ்சு ஒட்டியிருந்தது. வாரி முடிந்தும் போகாத பஞ்சு. அந்தப் பாட்டிகளுக்குப் பிறகு மூன்று வருடமாகத் தனக்காக ஒரு பொய்யும் சொல்லாமல் வகுப்புக்கு வந்தவள், இன்று எனக்காக நின்றுகொண்டு பொய் சொல்கிறாள். என் மேலேயே எனக்கு அருவருப்பு வந்தது.

“உண்மையைச் சொல்லும்மா” என்றேன்.

“செக்கிங் செக்‌ஷன், மேடம். ரெண்டு மணி ஷிப்ட். காலையில ஏழரைக்கே இங்க பாடம் நடத்த ஆரம்பிச்சிருவாக. இன்னிக்கு மட்டும் லீவு குடுத்துட்டாக.”

“வேற யாரெல்லாம் வேலைக்குப் போறீங்க? கை தூக்குங்க” என்றார் அம்மாள்.

முப்பத்தெட்டுக் கைகள் எழுந்தன. எனக்குத் தெரிந்த முப்பத்தெட்டு. அதோடு நின்றிருந்தால் நான் இந்தக் கதையை எழுதவே மாட்டேன்.

பகல் வகுப்புப் பக்கம் ஒரு கை எழுந்தது. “சாயங்காலம் ஊட்டுல பனியனுக்குப் பிசிறு நூலு வெட்டறமுங்க.” இன்னொன்று. “ஞாயித்துக்கிழமை லேபிள் தெக்கறனுங்க.” அப்புறம் மளமளவென்று. எல்லா வசதியும் உள்ளவர்கள் என்று நான் நினைத்திருந்த பெண்களின் கைகள். கரும்பலகை அருகே ஜெசிந்தா சாக்பீஸோடு பாதிக் கையைத் தூக்கினாள். “லீவு நாள்ல மட்டுமுங்க மேடம். எங்க ஊட்டுக்காரர் யூனிட்ல பேக்கிங்.” சன்னலுக்கு வெளியே மருதாசலத்தின் இரும்புக் கை மின்னியது. “வாட்ச்மேன் வேலைங்க மேடம். இங்க முடிஞ்சதும் போவனுங்க.” எனக்குப் பக்கத்தில் அசைவு தெரிந்தது. தாளாளர் குப்புசாமி ஐயாவும் கை தூக்கியிருந்தார். வகுப்பறையில் எல்லாரும் கை தூக்கினால் தானும் தூக்கவேண்டும் என்று எட்டாம் வகுப்பில் பழகியதோ என்னவோ.

பதிமூன்று வருடமாக அந்தக் கல்லூரியின் ஒவ்வொரு செங்கல்லும் எனக்குத் தெரியும் என்று மேடை மேடையாகச் சொன்னவள் நான். அந்த அறையில் யார் எப்போது தூங்குகிறார்கள் என்றுகூட எனக்குத் தெரிந்திருக்கவில்லை. கை தூக்காமல் நின்றது குழுவினரும் நானும்தான்.

இரண்டு கடிதங்கள்

என் அறையில் தலைவர் நேராக விஷயத்துக்கு வந்தார். கண்டதை எழுதாமல் இருக்க முடியாது, அறிக்கை போகப் பத்து நாள் ஆகும், அதற்குள் நான் என்ன செய்கிறேன் என்பது என் பாடு.

அன்று மாலையே பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் எழுதினேன். ஏழரை மணி வகுப்பை நடத்தியது நான். பதிவில் பொய் நேரம் போட்டதும் நான். மாணவிகளுக்கு இதில் பங்கில்லை, அவர்களைத் தேர்வு எழுத விடுங்கள். தாளாளர் கையெழுத்தும் தேவைப்பட்டது. அவர் கடிதத்தை இரண்டு தரம் படித்தார்.

“நாமளே போயி மாட்டிக்கறதுங்களா மேடம்? எங்க லைன்ல இப்படி ஒருத்தனும் பண்ணமாட்டானுங்க.”

“போடலைன்னா அந்தப் பிள்ளைங்க பரீட்சை போச்சு, ஐயா.”

பேனாவைத் திறந்தார். “போடறனுங்க. இத்தன வருசமா பையருக்குச் சொன்ன பொய்யெல்லாம் இந்த ஒரு கடுதாசில கழியட்டும்.”

அப்புறம் காத்திருப்பு. முத்துலட்சுமியும் மற்றவர்களும் வழக்கம்போல் ஏழரைக்கு வந்தார்கள். நான் வழக்கமில்லாமல் ஏழுக்கே வந்து வாசலில் நின்றேன். என்னிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அறிக்கை வந்தது, எங்களுக்கு நடுத்தரமான தரம். “நம்ம சரக்கு ரெண்டாந்தரம், செகண்ட்ஸுங்களா?” என்று தாளாளர் ஒரு வாரம் வருந்தினார்.

தேர்வுக்கு ஐந்து நாள் முன்பு தபாலில் ஒரு கட்டு வந்தது. முப்பத்தெட்டு நுழைவுச் சீட்டுகள். ஒன்று குறைகிறதா என்று மூன்று தரம் எண்ணினேன். முப்பத்தெட்டும் இருந்தன. அலுவலகத்தில் எல்லார் முன்னாலும் அழுதேன், மறைக்கத் தோன்றவில்லை.

கட்டின் அடியில் எனக்குத் தனியாக ஒரு உறை. பொய்ப் பதிவுக்குக் கடும் கண்டனம், பணிப்பதிவேட்டில் ஏற்றப்படவேண்டும். காலை வகுப்புக்கு முறையான அனுமதி இரண்டு வருடம் கழித்து ஏழு நிபந்தனைகளோடு கிடைத்தது. நான்காவது நிபந்தனை, மாணவிகளுக்குச் சுத்தமான குடிநீர் வழங்கவேண்டும்.

ஒரே ஒரு பக்கம்

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய வாரம். அலுவலகக் கண்காணிப்பாளர் கந்தசாமி என் பணிப்பதிவேட்டை மேசையில் வைத்தார். என் பென்ஷன் கோப்போடு அது மேலே போகவேண்டும். பக்கம் பக்கமாக ஒரே மாதிரி: இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை பணியில் இருந்தார், சரிபார்க்கப்பட்டது. சரிபார்க்கப்பட்டது, சரிபார்க்கப்பட்டது. நடுவில் ஓரிடத்தில் அந்தக் கண்டனம்.

கந்தசாமி கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“தச்ச நூலு நெம்ப நைஞ்சு கெடக்குதுங்க மேடம். இந்த ஒரு பக்கம் தானா உழுந்துட்ட மாதிரி பண்ணிப்போடலாமுங்க. போறப்ப சுத்தமாப் போவீங்க.”

அவர் அன்பாகத்தான் சொன்னார். எனக்கும் ஒரு நிமிஷம் ஆசை வந்தது. விரலைக் கொடுத்து அந்தத் தாளை அசைத்துப் பார்த்தேன், இழுத்தால் வந்துவிடும்.

“விடுங்க கந்தசாமி. மத்த பக்கமெல்லாம் நான் வேலைக்கு வந்தேன்னு சொல்லுது. இந்தப் பக்கம் மட்டும்தான் வேலை பார்த்தேன்னு சொல்லுது.”

அவருக்குப் புரிந்ததோ என்னவோ. “உங்க இஷ்டமுங்க” என்றார். ஊசியும் நூலும் எடுத்து வந்து, அந்தத் தாள் விழாதபடி என் கண் முன்னாலேயே தைத்துக் கொடுத்தார்.